ஏழாம் நம்பர் பஸ்ஸில் காலி சீட்டுகள்

எங்கள் கல்லூரியில் ராகிங் கிடையாது. நான் சொல்லவில்லை, நுழைவாயிலில் தொங்கும் பேனர் சொல்கிறது. 'ராகிங் இல்லா வளாகம்' என்று எழுதி, பக்கத்திலேயே தாளாளர் கைகூப்பிச் சிரிக்கிற படத்தைப் போட்டிருக்கிறார்கள். எழுத்து ஓரடி, தாளாளர் ஆறடி. பெண்ணைச் சேர்க்க வருகிற பெற்றோர், ராகிங்கை உலகத்திலேயே முதலில் ஒழித்தவர் இவர்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள்.

பேனர் மட்டுமா? உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும், அப்பாவும் போட வேண்டும். ராகிங் செய்யப்போகிறவளும் செய்யப்படப்போகிறவளும் ஒரே வரிசையில் நின்று, ஒரே பேனாவை இரவல் வாங்கிக் கையெழுத்துப் போடுவார்கள். புகார்ப் பெட்டி இருக்கிறது. அதை மாட்டிய புண்ணியவான் சுவரில் அவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறான், புகார் போட ஸ்டூல் கொண்டுவர வேண்டும். சாவி தொலைந்து இரண்டு வருடமாகிறது. ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறி, இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு சாக்லேட் காகிதமும் யாரோ தொலைத்த பஸ் பாஸும் கிடந்தன.

இதற்கெல்லாம் மேல் ராகிங் ஒழிப்புக் குழு என்று ஒன்று உண்டு. பதினோரு பேர். பதினோராவது ஆள் நான்.

என் பெயர் தாட்சாயிணி. வேதியியல் துறையில் லேப் அசிஸ்டென்ட். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். வீட்டுக்காரருக்கு ஆவடியில் ராணுவத் தளவாட ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். கல்லூரி நூம்பல் பக்கம். முத்தாபுதுப்பேட்டையில் கிளம்பி, ஆவடி, பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம் வழியாக வருகிற ஏழாம் நம்பர் கல்லூரி பஸ்ஸில்தான் போய்வருகிறேன். அந்த பஸ்ஸுக்கு நான்தான் இன்சார்ஜ். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். டிரைவருக்குப் பின்னாலிருக்கும் இரட்டை சீட்டில் ஒன்றில் நானும் இன்னொன்றில் என் சாப்பாட்டுப் பையுமாக உட்கார்ந்து, ஒரு பதிவேட்டில் தினமும் இரண்டு தடவை எழுத வேண்டும். தேதி, நேரம், ஏறியவர் எண்ணிக்கை, கையெழுத்து. கடைசியில் 'ராகிங் புகார்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தின் அகலம் என் சுண்டுவிரல் நகம் அளவு. 'இல்லை' என்ற வார்த்தை மட்டும் கொள்ளும்படி யாரோ அளந்து கோடு போட்டிருக்கிறார்கள். நானும் அந்தக் கோட்டுக்கு மரியாதை கொடுத்துக் காலையில் ஒரு 'இல்லை', மாலையில் ஒரு 'இல்லை' எழுதிவந்தேன்.

பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வருடப் பிள்ளைகள் உட்காரக் கூடாது. இதை யார் எந்தக் காலத்தில் போட்டார்களோ, எழுதி வைத்த சட்டத்தைவிடச் சரியாக நடக்கும். ஃப்ரெஷர்ஸ் பார்ட்டி என்று ஒன்று நடத்தி, கேக் வெட்டி, அன்றைக்குத்தான் அவர்களை 'விடுதலை' செய்வார்கள். அந்தப் பார்ட்டி எப்போது என்பது மூன்றாம் வருடப் பிள்ளைகளின் இஷ்டம். ஐம்பத்திரண்டு சீட்டு பஸ்ஸில் முப்பத்தெட்டு பேர் ஏறுவார்கள். அதில் ஒன்பது பேர் நிற்பார்கள். காலி சீட்டுகளில் மூன்றாம் வருடத்தின் பைகள் ஜன்னலோரமாகக் காற்று வாங்கிக்கொண்டு வரும். பைக்கு சீட்டு, பிள்ளைக்குக் கம்பி.

இந்த ராஜ்ஜியத்துக்கு ராணி வர்ஷா. பி.எஸ்ஸி. வேதியியல் மூன்றாம் ஆண்டு. பார்த்தால் எறும்பைக்கூட மிதிக்காதவள் என்று தோன்றும். 'குட் மார்னிங் மேடம்' என்று தலையைச் சாய்த்துச் சொல்கிற அழகில் பிரின்சிபால் சுரேகா மேடம் உருகிப்போவார். அந்த உருக்கத்தில்தான் அவளை ராகிங் ஒழிப்புக் குழுவின் மாணவர் ஒருங்கிணைப்பாளராகப் போட்டார். நெஞ்சில் குத்திக்கொள்ளப் பச்சை நிறத்தில் ஒரு பேட்ஜும் கொடுத்தார். அந்த பேட்ஜோடுதான் வர்ஷா பின் சீட்டில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு முதல் வருடத்தை விசாரிப்பாள்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி கார்த்திகா. அவளும் வேதியியல்தான். அவள் அப்பா திருச்சி ஃபேக்டரியிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. முத்தாபுதுப்பேட்டையில் ஏறுவாள். முதல் ஸ்டாப். பஸ்ஸே காலியாக இருக்கும். காலி பஸ்ஸில் ஏறி, நடுவில் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். யாருமே இல்லாத பஸ்ஸில் ஒருத்தி நின்றுகொண்டு வருவதை ஆவடியில் ஏறும்போது தினமும் பார்த்தேன். பார்த்துவிட்டு என் பையைப் பக்கத்து சீட்டில் வைத்து உட்கார்ந்தேன்.

டிரைவர் ஏகாம்பரம் நூம்பல்காரர். இரண்டாவது வாரமே சொன்னார்.

"இன்னா மேடம், அந்தப் பொண்ணு டெய்லி நின்னுகினே வருது? சீட்டெல்லாம் காலியாத்தானே கீது. கண்ணாடில பாத்துகினே வரேன், மன்சு கேக்கல."

"நீங்க ரோட்டைப் பாருங்க ஏகாம்பரம்," என்றேன்.

"ரோட்டைத்தான் பாக்குறேன். நீங்க இன்னாத்த பாக்குறீங்கோ?"

இந்த ஆளுக்கு வாய் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

நியாயமாக ஒன்று செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வாரம் பிரின்சிபாலிடம் போய், பஸ்ஸில் முதல் வருடப் பிள்ளைகள் நின்றுகொண்டு வருகிறார்கள் என்றேன். "நிக்கிறதெல்லாம் ராகிங்கா மேடம்? கவர்மென்ட் பஸ்ல நின்னுதானே வர்றாங்க," என்றார். "அதுவும் இது லேடீஸ் காலேஜ். பொண்ணுங்க சும்மா விளையாடுவாங்க. நீங்க எதையாவது எழுதி வெச்சீங்கன்னா அப்புறம் ரிப்போர்ட் மேல போகும், கமிட்டி வரும். இந்த வருஷம் தர மதிப்பீடு வேற இருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்க ஃபைல்கூட தாளாளர் டேபிள்லதான் இருக்கு, நிரந்தரம் பண்ற விஷயமா," என்றார். அந்த ஃபைல் ஒன்பது வருடமாக அதே டேபிளில்தான் இருக்கிறது. தெரிந்தும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை கடைசியில் மூன்றாம் வருடத்தின் ரெக்கார்டு நோட்டுகள் என் மேஜைக்கு வந்தன. செய்த பரிசோதனைகளை அவரவர் கையால் எழுதி, படம் வரைந்து கொடுக்க வேண்டும். நான் பார்த்து இனிஷியல் போட்டு முத்திரை குத்த வேண்டும். ஐந்து நோட்டு ஒரே கையெழுத்து. குண்டு குண்டான எழுத்து, ஸ்கேல் வைத்துப் போட்ட மார்ஜின், பக்க எண்ணைச் சின்ன வட்டத்துக்குள் அடைக்கிற பழக்கம். பஸ்ஸில் கார்த்திகா ஒரு கையால் கம்பியும் இன்னொரு கையால் ஐந்து நோட்டுமாகத் தடுமாறிக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. நான் என்ன செய்தேன்? எழுத்து அழகாக இருக்கிறதே என்று மெச்சிவிட்டு ஐந்திலும் முத்திரை குத்தினேன்.

ஆகஸ்டில் ராகிங் ஒழிப்பு வாரம் வந்தது. கோலப் போட்டி, ராகிங்குக்கு எதிராக. மெஹந்திப் போட்டி, அதுவும் ராகிங்குக்கு எதிராக. கையில் 'நோ ராகிங்' என்று மருதாணியில் எழுதிக்கொண்டு, அந்தக் கையாலேயே முதல் வருடத்தின் டிபன் பாக்ஸைப் பிடுங்கித் தின்றவளை நான் கேன்டீனில் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சிகரமாகக் கட்டுரைப் போட்டி. கையால் எழுத வேண்டும், மூன்று தாள். முதல் பரிசு பெறும் கட்டுரையை நிறைவு விழாவில் போலீஸ் இன்ஸ்பெக்டர் அம்மா முன்னால் எழுதியவரே வாசிக்க வேண்டும்.

முதல் பரிசு வர்ஷாவுக்கு. நடுவர் தமிழ்த் துறை ஞானம்மாள் மேடம்.

விழாவன்று காலை ஞானம்மாள் மேடம் கட்டுரையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "குழுவில நீங்களும் இருக்கீங்கள்ல, தாட்சாயிணி. ஒற்றுப்பிழை இருந்தா மட்டும் பாத்து, ஒரு பின் போட்டு வர்ஷாகிட்ட கொடுத்துடுங்க. என்ன கையெழுத்து தெரியுமா, முத்து முத்தா! முடிவுரை பாருங்க, 'ராகிங்கை ஒழிப்போம், மனிதம் வளர்ப்போம்'. அதுக்காகவே கொடுத்தேன்."

எடுத்துப் பார்த்தேன். குண்டு குண்டான எழுத்து. வட்டத்துக்குள் பக்க எண். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ராகிங்கை எதிர்த்துக் கட்டுரை எழுதுகிற வேலையையும் ராகிங் செய்தே வாங்கியிருக்கிறாள். இதற்கு ஒரு பேட்ஜ், ஒரு பரிசு, ஒரு கைதட்டல். இந்தக் கல்லூரிக்கு இவள்தான் சரியான ஒருங்கிணைப்பாளர் என்று நினைத்துக்கொண்டு படித்தேன்.

முதல் தாள் எல்லோரும் எழுதுகிற மாதிரிதான். ராகிங் ஒரு கொடிய நோய், அதை வேரறுக்க வேண்டும், இத்யாதி. ஞானம்மாள் மேடம் இதையும் கடைசி வரியையும் படித்துவிட்டு மார்க் போட்டிருக்கிறார். இரண்டாம் தாள் இப்படி இருந்தது:

'எடுத்துக்காட்டாக நம் கல்லூரியின் ஏழாம் எண் பேருந்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஐம்பத்திரண்டு இருக்கைகள். ஏறுகிறவர்கள் முப்பத்தெட்டு பேர். ஆனாலும் முதலாமாண்டு மாணவிகள் ஒன்பது பேர் நின்றுகொண்டே வருகிறோம். இருக்கைகளில் மூன்றாமாண்டு அக்காக்களின் பைகள் இருக்கின்றன. அக்கா என்று கூப்பிடக் கூடாது, மேடம் என்று கூப்பிட வேண்டும். ஒருநாள் கம்பியைப் பிடிக்காமல் வரச் சொன்னார்கள். பருத்திப்பட்டு வளைவில் விழுந்தேன். கைதட்டினார்கள். விழ வைத்ததற்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். நான் ஐந்து பேருக்கு ரெக்கார்டு எழுதுகிறேன். என்னுடையதை எழுத நேரம் இல்லை. முதல் தேர்வில் எனக்கு இருபத்தைந்துக்கு ஏழு. அப்பா திட்டவில்லை. காலேஜ் ஒத்துவருதாம்மா என்று மட்டும் கேட்டார். இந்தக் கட்டுரையையும் வர்ஷா மேடம் சொல்லித்தான் எழுதுகிறேன். இதை யாரும் படிக்க மாட்டார்கள். நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்.'

எனக்குக் குஷி தாங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். வசமாக மாட்டிக்கொண்டாயடி வர்ஷா என்று மேஜையைத் தட்டினேன். ஞானம்மாள், சுரேகா, தாளாளர், அத்தனை பேர் மூக்கும் ஒரே நாளில் உடையப்போகிறது. அந்தச் சந்தோஷத்தோடு மூன்றாம் தாளைப் புரட்டினேன்.

'அந்தப் பேருந்தின் முன் இருக்கையில் ஒரு மேடம் வருகிறார். அவரிடம் ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் தினமும் இல்லை, இல்லை என்று எழுதுவார். நான் விழுந்த அன்று சத்தம் கேட்டு ஓட்டுநர் அண்ணன் பிரேக் போட்டார். மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றும் இல்லை என்றுதான் எழுதினார். எனக்கு மற்றவர்களைவிட அவர் மேல்தான் அதிகக் கோபம். எனவே ராகிங்கை ஒழிப்போம், மனிதம் வளர்ப்போம்.'

சிரிப்பு போய்விட்டது. அன்றைக்குச் சத்தம் எனக்குக் கேட்டது. ஆள் விழுகிற சத்தம், பிறகு கைதட்டல், இரண்டுமே கேட்டன. ஏகாம்பரம் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். நான் போனில் எதையோ தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

சோதித்துப் பார்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தாளே, அது என்ன? எழுந்து போய் அலமாரியிலிருந்து வர்ஷாவின் ரெக்கார்டு நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். நான்காவது பரிசோதனை. பியூரெட்டைக் கழுவு, அமிலத்தை நிரப்பு, நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விடு என்று ஆங்கிலத்தில் செய்முறை போய்க்கொண்டிருந்தது. அதற்கு நடுவில், அதே ஆங்கிலத்தில், அதே அழகான எழுத்தில் ஒரு வரி: இந்தப் பரிசோதனையைச் செய்தவள் வேறு, எழுதியவள் வேறு, யாராவது படித்தால் என்னைக் கூப்பிடுங்கள். அடுத்த வரியில் மறுபடி அமிலம். பக்கத்தின் அடியில் பச்சை மையில் ஒரு சரி குறி, தேதி, முத்திரை, என் இனிஷியல்.

அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் அதன் மேலேயே முத்திரை குத்தியிருக்கிறேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் இரண்டு தாளை மட்டும் பின் போட்டேன். மூன்றாம் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வர்ஷா மாட்டட்டும், பிரின்சிபால் மாட்டட்டும், நான் எதற்கு? ஒன்பது வருடம் உழைத்திருக்கிறேன். அந்தத் தாள் வெளியே வந்தால் ஃபைல் டேபிளில்கூட இருக்காது, குப்பைக்கூடைக்குப் போகும். ஒரு தாள் குறைந்தால் உலகம் ஒன்றும் அழிந்துவிடாது என்று எனக்கு நானே காது குத்திக்கொண்டிருந்தபோது, கதவருகில் யாரோ நிற்பது தெரிந்தது.

கார்த்திகா. கையில் ஒரு படிவம்.

"மேடம், நோ டியூஸ்ல லேப் சைன் வேணும்."

கல்லூரியை விட்டுப் போகிறவர்கள், கண்ணாடிக் குடுவை எதையும் உடைக்கவில்லை என்று என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அப்புறம்தான் டி.சி. கிடைக்கும். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதியிருந்தாள்.

"வீட்டில என்ன பிரச்சினை?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மேடம்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல. டி.சி. வாங்கிட்டுச் சொல்லிக்கலாம்னு."

"உட்காரும்மா," என்று ஸ்டூலைக் காட்டினேன்.

"பரவால்ல மேடம். நின்னு பழகிடுச்சு," என்றாள். குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அது வெறும் தகவல். அதுதான் என்னைப் போட்டு உலுக்கியது. பதினேழு வயதுப் பெண்ணை ஸ்டூலில் உட்காரக்கூடக் கூச வைத்திருக்கிறோம். நாங்கள் பதினோரு பேர் கொண்ட குழு.

"சாயந்திரம் பஸ்ல கொடு, போடறேன்," என்று அனுப்பினேன். அவள் போனதும் கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மடிப்பை நீவி, மற்ற இரண்டோடும் சேர்த்துப் பின் போட்டேன்.

கட்டுரையை வாங்க வந்த வர்ஷாவிடம், "ஒருதரம் படிச்சுப் பாத்துக்கம்மா," என்றேன். அந்த அளவுக்காவது அவளுக்கும் நியாயம் செய்ய நினைத்தேன். அவள் தலையைச் சாய்த்து, "நான் எழுதினதுதானே மேடம், மனப்பாடமா தெரியும்," என்றாள். அவள் தலைவிதியை அவளே எழுதிக்கொண்டாள் என்று சொல்லலாம் என்றால், அதையும்தான் அவள் எழுதவில்லையே.

விழா இரண்டு மணிக்கு. கலையரங்கில் நாற்காலி போதவில்லை. போதாவிட்டால் யார் நிற்பார்கள்? முதல் வருடம்தான். ராகிங் ஒழிப்பு நிறைவு விழாவில் முதல் வருடம் மொத்தமும் பின் சுவரோரம் நின்றது. மேடையிலிருந்து பிரின்சிபால் அவர்களைப் பார்த்து, "நீங்கள்தான் இன்றைய விழாவின் நாயகிகள்!" என்றார். தாளாளர் தன் வாழ்க்கையில் பட்ட கஷ்டங்களை இருபது நிமிடம் சொன்னார். அதில் ராகிங் எங்கே வந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா மட்டும் சும்மா உட்கார்ந்து பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வர்ஷா. பச்சை பேட்ஜ், மல்லிகைப் பூ, மைக். முதல் தாளை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். கொடிய நோய் என்ற இடத்தில் முகத்தைச் சுளித்துக் காட்டினாள். தாளாளர் 'ஆஹா' என்றார். இரண்டாம் தாளைத் திருப்பினாள்.

"எடுத்துக்காட்டாக நம் கல்லூரியின் ஏழாம் எண் பேருந்தை எடுத்துக்கொள்வோம்..."

நின்றுவிட்டாள். கண் மட்டும் கீழே கீழே ஓடியது. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதோ. பின் சுவரோரம் ஒன்பது பேர் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசகம் மறந்துவிட்டது என்று நினைத்துப் பிரின்சிபால் கைதட்டித் தொடங்கிவைத்தார், எல்லோரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டல் சத்தத்தில் வர்ஷா சட்டென்று இரண்டாம் தாளைப் பின்னால் தள்ளிவிட்டு மூன்றாம் தாளைப் பார்த்தாள். அதில் அவள் பெயர் இல்லை. உயிர் வந்தது அவளுக்கு. முன்னைவிட உரக்க வாசித்தாள்.

"அந்தப் பேருந்தின் முன் இருக்கையில் ஒரு மேடம் வருகிறார். அவரிடம் ஒரு பதிவேடு இருக்கிறது..."

கெட்டிக்காரி. 'திரும்பிப் பார்க்கவில்லை' என்ற இடத்தில் குரலைத் தழுதழுக்கவிட்டாள். 'அவர் மேல்தான் அதிகக் கோபம்' என்றபோது நேராக என்னைப் பார்த்தாள். கலையரங்கமே திரும்பி என்னைப் பார்த்தது. தாளாளர் பிரின்சிபால் காதில் ஏதோ கேட்டார், பிரின்சிபால் என் பக்கம் கை காட்டினார். பஸ்ஸில் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளும் நீளாத கை, எவ்வளவு சுறுசுறுப்பாக நீண்டது!

எழுந்து நின்றேன்.

"ஆமா. அது நான்தான்," என்றேன். "திரும்பிப் பாக்கல. அதுல எழுதியிருக்கிறது அத்தனையும் நிஜம். ஆனா வர்ஷா, ஒரு தாளை விட்டுட்டியே. ரெண்டாவது தாள். அதையும் படி."

"மேடம், உட்காருங்க," என்றார் பிரின்சிபால் மைக்கிலேயே.

"படிம்மா," என்றேன்.

அவள் படிக்கவில்லை. மூன்று தாளையும் மார்போடு அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அழுகை நன்றாகத்தான் இருந்தது. பிரின்சிபாலும் அணைத்துக்கொள்ள எழுந்தார். அதற்குள் நான் மேடையேறிவிட்டேன். இந்த ஒன்பது வருடத்தில் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்ற மட்டும் ஏறிய மேடை. அவள் கையிலிருந்து தாளை உருவி, இரண்டாவதை எடுத்து வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி கீச்சென்று வந்தது. விழ வைத்ததற்கு நன்றி என்ற இடம் வந்தபோது தடுமாறினேன். நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா கையை நீட்டினார். மூன்று தாளையும் அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

நாலு மணிக்கு எனக்கு ஒரு மெமோ வந்தது. அனுமதியின்றி மேடை ஏறியதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டுமாம். ராகிங் ஒழிப்பு வாரத்தில் கல்லூரி எடுத்த ஒரே நடவடிக்கை அதுதான். இன்ஸ்பெக்டர் அம்மா போகிறபோது ஒன்பது பிள்ளைகளின் பெயரையும், என் பதிவேட்டின் படத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

மாலை பஸ்ஸில் வர்ஷா இல்லை. அவள் அப்பா காரில் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். மற்ற மூன்றாம் வருடப் பிள்ளைகள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தார்கள். சீட்டுகள் காலியாகக் கிடந்தன. ஆனாலும் ஒன்பது பேரும் நின்றார்கள்.

"உட்காருங்கம்மா," என்றேன். யாரும் அசையவில்லை. என் பேச்சை அவர்கள் ஏன் நம்ப வேண்டும்?

பதிவேட்டைத் திறந்தேன். இருபத்தொன்பது நாள், வேளைக்கு ஒன்றாக 'இல்லை' வரிசையாக நின்றது. அன்றைய மாலைக் கட்டத்தில் எழுத ஆரம்பித்தேன். இடம் போதவில்லை. கோட்டைத் தாண்டி, பக்கத்துக் கட்டத்தைத் தாண்டி, பக்கத்தின் ஓரம் வரை எழுதினேன். வண்டி எடுக்காமல் ஏகாம்பரம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், போலாமா?"

"இருங்க, எழுதிக்கிறேன்."

"எழுதுங்க, எழுதுங்க. நான் இன்னா ஓடியா போறேன்."

யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். கார்த்திகா. கையில் அந்த நோ டியூஸ் படிவம். கையெழுத்துக்குத்தான் வந்திருக்கிறாள் என்று பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். அழுதுவிடுவேன் போலிருந்தது.

"நான் போட மாட்டேன் கார்த்திகா. வேற யார்கிட்டயாவது வாங்கிக்க."

அவள் படிவத்தை நீட்டவில்லை. நான் எழுதியதைத் தலைகீழாகவே கொஞ்ச நேரம் படித்தாள். கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு படிவத்தை மடித்துத் தன் ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்தாள். அன்றைக்கு அவள் கையில் ஒரு நோட்டுதான் இருந்தது. அவளுடையது.

ஒரு நன்றியாவது சொல்வாள் என்று நான் எதிர்பார்த்ததை இங்கே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். ஜூலை முதல் தேதியிலிருந்து தினமும் அந்த சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து வந்த என் சாப்பாட்டுப் பையைப் பார்த்தாள்.

"மேடம், இந்தப் பையைக் கொஞ்சம் எடுக்கிறீங்களா?" என்றாள்.

எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் உட்கார்ந்தாள்.